பாதிக் குளிசை கொடுக்கலாமா?

கேள்வி: என் 5 வயது மகனுக்குக் காலையில் ஓயாத தும்மல். நான் ஒவ்வாமைக்குப் போடும் செற்றிரிசின் 10 மில்லிகிராம் குளிசையில் பாதி கொடுக்கலாமா?
– ஒரு தாய், நிலாவெளி

பதில்: வேண்டாம் தங்கச்சி. 10 மில்லிகிராம், நாளுக்கு ஒருதடவை என்பது பெரியவர்களுக்கு. இந்த வயதில் ஒரு வேளைக்கு 2.5 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை. பாதிக் குளிசையில் அதைப்போல இரண்டு மடங்கு ஒரேயடியாகப் போய்விடும். பாணி மருந்து வாங்குங்கள். 5 மில்லிலீற்றரில் 5 மில்லிகிராம் என்று போத்தலில் இருந்தால், காலையும் இரவும் 2.5 மில்லிலீற்றர். வீட்டுக் கரண்டியால் அளக்கவே அளக்காதீர்கள். திருகோணமலையில் எங்கள் மருந்துக்கடைக்கு வரும் தாய்மாரை நான் மன்றாடிக் கேட்பது இதைத்தான். அளவுச் சிரிஞ்ச் கேட்டு வாங்குங்கள். அப்புறம், தடிமன் பாணிகள் பலவற்றில் குளோர்பெனிரமின் இருக்கும். அதுவும் ஒவ்வாமை மருந்துதான். சேர்த்துக் கொடுத்தால் பிள்ளை அளவுமீறி அயர்ந்துவிடும். உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ மருந்தை நம்பிக் காத்திருக்காமல் உடனே 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.