குறிப்பேட்டில் முளைத்த வரி

அன்புள்ள ஐயா,

இயேசுவைக் காட்டிக்கொடுக்க யூதாஸ் வாங்கிய முப்பது வெள்ளிக்காசு பற்றிய தீர்க்கதரிசனத்தை எரேமியா உரைத்ததாக மத்தேயு தன் சுவிசேஷத்தில் எழுதுகிறார். அதுவோ சகரியா என்ற வேறொரு தீர்க்கதரிசியின் நூலில் இருக்கிறது. ஆதிக் கிறிஸ்தவர்கள் யூதர்களின் வேதத்தைத் திறந்தே பார்க்கவில்லையா, இல்லை தெரிந்தே பொய் சொன்னார்களா? மத்தேயு முதலில் எழுதப்பட்டது எந்த மொழியில்?

ஆர்.

அன்புள்ள ஆர்,

மொழிச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

'திறந்து பார்ப்பது' என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். சாக்கடல் ஓரத்துக் கும்ரான் குகையில் கிடைத்த, ஏசாயா தீர்க்கதரிசியின் நூல் எழுதிய சுருள் ஒன்றே 7 மீட்டருக்கு மேல். வசன எண் கிடையாது. ஒரு வரியைத் தேட ஒரு கையால் விரித்து மறு கையால் சுருட்டிக்கொண்டே போக வேண்டும். ஆகவே வேண்டியதை மட்டும் எழுதி வைத்துக்கொள்வார்கள். கும்ரானின் 4-ஆம் குகையில் அப்படி ஒரு தாள் கிடைத்திருக்கிறது. உபாகமம், எண்ணாகமம் என்ற வெவ்வேறு வேத நூல்களின் வரிகள் அடுத்தடுத்து. இயேசுவுக்கு முந்தைய யூதர் கை அது. இப்படிப்பட்ட தாளில் சகரியா எரேமியாவாக எவ்வளவு நேரம் ஆகும்?

ஆனால் போகிறபோக்கில் 'பொய்' என்கிறீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 2-ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தீனைப் பாருங்கள். திரிபோ என்ற யூதரோடு வாதிடுவதாக அவர் எழுதிய நூலில் கொதிக்கிறார்: 'கர்த்தர் மரத்திலிருந்து அரசாளுகிறார்' என்பதுதான் சங்கீதத்தின் (வேதத்தின் துதிப்பாடல்) வரி, 'மரத்திலிருந்து' என்பதை உங்கள் தலைவர்கள் வெட்டிவிட்டார்கள். எபிரேயத்தில், 96-ஆம் சங்கீதத்தில், அப்படி ஒரு சொல்லே இல்லை. சிலுவையை நினைத்து யாரோ கிறிஸ்தவர் சேர்த்தது. யுஸ்தீனுக்குக் கிடைத்ததில் அது இருந்தது, நம்பினார், அவ்வளவுதான். திரிபோ பதில் சொல்கிறார்: அழித்தார்களா என்பது கடவுளுக்குத்தான் தெரியும், நம்பும்படியாக இல்லை. அந்தப் பதிலையும் எழுதிவைத்தவர் யுஸ்தீன்தானே. பொய்யன் இதைச் செய்வானா? கொஞ்சம் யோசித்துவிட்டுக் கடிதம் எழுதுங்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்? நானும் யுஸ்தீன்தான். கல்லூரியில் கம்பன் பாடல்களைக் குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தேன். பல வருடம் கழித்து ஒரு பதிப்பு வாங்கினால், எனக்குப் பிடித்த வரியைக் காணோம். பதிப்பாளருக்கு நாலு பக்கம் எழுதினேன்: கம்பன் வரியை விழுங்கிவிட்டீர்கள், மூலத்தைச் சிதைப்பது பாவம், இத்யாதி. அஞ்சலட்டையில் பதில் வந்தது. 'ஐயா, விருத்தத்துக்கு அடி நான்குதானே?'

குறிப்பேட்டை எடுத்து எண்ணினேன். ஐந்து. தமிழாசிரியர் வகுப்பில் உருகிச் சொன்ன விளக்கத்தை, அதே மையில், பாட்டோடு பாட்டாக எழுதியிருக்கிறேன்.

இப்போதும் அந்தப் பாட்டைச் சொன்னால் ஐந்தாவது அடியும் சேர்ந்தே வாயில் வருகிறது.