எழுந்து போன அந்தப் பெண் யார்?

கேள்வி: என் மகன் இந்த ஆண்டு அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ எழுதி முடித்திருக்கிறான். பிப்ரவரியில் நடந்த பிரிவு உபசார விழாவில் 'பத்து ஆண்டுகளுக்குப் பிறகு' என்று ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். வகுப்பில் ஒவ்வொருவரும் பிற்காலத்தில் என்ன ஆவார்கள் என்று வேடிக்கையாக எழுதி மேடையில் படிப்பது. என் மகனைப் பற்றி, 'அப்பாவின் மளிகைக் கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டிருப்பான், அப்போதும் நமக்குக் கடன் தரமாட்டான்' என்று படித்தார்கள். அரங்கமே சிரித்தது. அவனை இன்ஜினீயர் ஆக்க நாங்கள் படும் பாடு எங்களுக்குத்தான் தெரியும். இத்தனைக்கும் மற்ற எல்லோருக்கும் வரிகளை எழுதிக் கொடுத்தவனே என் மகன்தான். தமிழில் அவ்வளவு கெட்டிக்காரன். அவன் எழுதியதற்கு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், ஒரு பெண் மட்டும் பாதியில் எழுந்து போய்விட்டாள். அவனுக்கான வரியை மட்டும் அவன் நண்பன் எழுதியிருக்கிறான். அந்த வீடியோ இன்னும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. மகனோ 'விடும்மா' என்று சிரிக்கிறான். தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் புகார் கொடுத்து அந்தப் பையனை மன்னிப்புக் கேட்க வைக்கலாமா?

பெயர் வெளியிட விரும்பாத தாய், நாமக்கல் மாவட்டம்.

பதில்: அம்மா, அந்தப் பெண் யார்?

உங்கள் மகனைப் பற்றிப் படித்த வரியை எழுத்துப் பிசகாமல் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அதை எழுதியது யார், அரங்கம் எப்படிச் சிரித்தது, உங்கள் வயிறு எப்படி எரிகிறது, எல்லாம் கடிதத்தில் இருக்கிறது. அவளுக்குக் கிடைத்தது அரை வரி. அவளைப் பற்றி என்ன படித்தார்கள், அதற்காகத்தான் எழுந்தாளா, பிறகு திரும்பி வந்தாளா, மறுநாள் பள்ளிக்கு வந்தாளா, தேர்வை ஒழுங்காக எழுதினாளா, ஒன்றையும் காணோம். அந்த அரை வரியும் எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். உங்கள் மகனின் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லிக்கொண்டு போகும்போது, சிரித்தவர் கணக்கில் ஒருத்தி குறைந்ததால் வருகிறது.

அவள் எதற்காக எழுந்தாள் என்று எனக்கெப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்க வேண்டியவன் உங்கள் வீட்டிலேயே இருக்கிறான். இரண்டு மாதமாக அவனோடு ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, "அந்தப் பெண்ணுக்கு நீ என்னடா எழுதினாய்?" என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லையே, ஏன்?

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இந்த மேடையைப் பற்றி எனக்குக் கடிதம் வராத ஆண்டு இல்லை. என் பெண்ணைக் கேலி செய்துவிட்டார்கள், என் பையனை அழ வைத்துவிட்டார்கள் என்று பெற்றவர்கள் எழுதுவார்கள். கேலியை எழுதியவன் வீட்டிலிருந்து இதுவரை ஒரு கடிதமும் வந்ததில்லை. உங்களுடையது வந்திருக்கிறது, அதுவும் பாதிக்கப்பட்டவர் வரிசையில் நின்றுகொண்டு. அதனால்தான் ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த விளையாட்டே கூடாது என்று சொல்கிறவள் அல்ல நான். பள்ளியை விட்டுப் போகிற பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்து, "நீ இப்படித்தான் ஆகப் போகிறாய்" என்று சிரிப்பது நல்ல விஷயம்தான். அமெரிக்கப் பள்ளிகளில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்த வழக்கம் உண்டு. ஆண்டு மலரில் இப்படிப்பட்ட வேடிக்கை ஆரூடங்களை அச்சிடுவார்கள். நம் பள்ளிகளில் முதலில் ஆட்டோகிராஃப் நோட்டு இருந்தது, பிறகு ஸ்லாம் புக் வந்தது, இப்போது மேடையும் மைக்கும் வந்துவிட்டன. நோட்டில் எழுதினால் எழுதியவரும் வாங்கியவரும் பார்ப்பார்கள். பிடிக்காவிட்டால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம். மேடையில் மைக்கில் படித்து, யாரோ செல்போனில் பிடித்து, குழுவில் போட்டுவிட்டால் கிழிப்பதற்குப் பக்கம் ஏது?

ஒரு பிள்ளை தானாகச் செய்வதை வைத்து எழுதினால் அவனும் சேர்ந்து சிரிப்பான். ஆண்டு முழுவதும் பேனா இரவல் வாங்கியவனைப் பற்றி, 'பேனா கம்பெனி முதலாளி ஆவான், முதல் காசோலையில் கையெழுத்துப் போட வாட்ச்மேனிடம் பேனா கேட்பான்' என்று எழுதலாம். தினமும் பிரேயர் முடிந்த பிறகு வருகிறவளைப் பற்றி, 'ரயில்வே அமைச்சர் ஆவாள், அவள் வந்து சேரும்வரை எந்த ரயிலும் கிளம்பாது' என்று எழுதலாம். கணக்குப் பாடத்தில் தூங்குகிறவனுக்கு மெத்தைக் கடை வைத்துக் கொடுக்கலாம். கூடவே படித்தவர்களுக்குத்தான் இப்படி எழுத வரும். ஆண்டு முழுவதும் உன்னைக் கவனித்திருக்கிறோம் என்று அதற்கு அர்த்தம்.

நிறத்தை வைத்து, உடம்பை வைத்து, திக்கும் பேச்சை வைத்து, தாய் தகப்பன் செய்யும் வேலையை வைத்து, சாதியை நாசூக்காகத் தொட்டு எழுதுவதும் இதே மேடையில்தான் நடக்கிறது. பொதுத்தேர்வு வாசலில் நிற்கும் பிள்ளையிடம் 'பத்து ஆண்டு கழித்தும் அரியர் எழுதிக்கொண்டிருப்பான்' என்று மைக்கில் சொல்கிறார்கள். தேர்வு முடிவுகளில் மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர்களை அறிவிக்கும் வழக்கத்தையே தமிழக அரசு 2017இல் நிறுத்திவிட்டது. பிள்ளைகளுக்குள் தேவையில்லாத போட்டியும் மன உளைச்சலும் வேண்டாம் என்றுதான் நிறுத்தினார்கள். முதலிடம் வந்த பெயரைச் சொல்வதிலேயே இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கும்போது, கடைசி பெஞ்சுப் பிள்ளை தேறமாட்டான் என்று தேர்வுக்கு முந்தைய மாதம் மேடையேறிச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

பெண் பிள்ளைகளுக்கு எழுதுவதைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும். எனக்கு வந்த கடிதங்களில் உள்ள வரிகளை எடுத்துப் பார்த்தால் பையன்களுக்கு வேலை, கார், வெளிநாடு, அரசியல் என்று விதவிதமாக இருக்கும். பெண்களுக்கு எழுதும்போது மட்டும் கற்பனை வற்றிவிடும். இடுப்பில் ஒன்று கையில் ஒன்று என்று குழந்தைகளோடு வருவாள், மாமியாரோடு சண்டை போடுவாள், இன்னாரோடு ஓடிப்போயிருப்பாள். இந்தக் கடைசி வகையைப் படித்தால்தான் எனக்கு உடம்பு நடுங்குகிறது. சின்ன ஊரில் ஒரு பெண்ணின் பெயரை ஒரு பையனின் பெயரோடு சேர்த்து மைக்கில் சொல்லிவிட்டால் அது அவள் வீட்டுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? அங்கே அதை யாரும் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். படித்தது போதும் என்று முடிவெடுக்க அந்த ஒரு வரி போதும். அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போகட்டும் என்று 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கொடுக்கிறார்கள். கல்லூரி வாசலை மிதித்தால்தானே அந்தப் பணம் அவள் கைக்கு வரும்?

உங்கள் மகன் அப்படி எழுதினான் என்று நான் சொல்லவில்லை. என்ன எழுதினான் என்று நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இவ்வளவும் சொல்கிறேன்.

அவன் 'விடும்மா' என்று சிரிப்பதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு வேறு மாதிரி படுகிறது. நீங்கள் புகார் கொடுத்தால் தலைமையாசிரியர் முதலில் என்ன கேட்பார்? அன்று மேடையில் படித்த தாளைக் கேட்பார். அந்தத் தாளில் ஒரு வரி நண்பனுடையது, மீதி எல்லாம் உங்கள் மகன் எழுதியவை. இது அவனுக்குத் தெரியும். இது என் ஊகம்தான், தவறாகவும் இருக்கலாம். அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டால் உங்களுக்கே புரிந்துவிடும்.

அவனைப் பற்றிய வரிக்கு வருகிறேன். அப்பாவின் கடையில் பொட்டலம் மடிப்பான் என்றார்கள். இதில் அவமானம் எங்கே இருக்கிறது? அவனை வளர்த்தது அந்தக் கடை. டியூஷன் கட்டணம் அந்தக் கல்லாவிலிருந்து போனது. விடிவதற்கு முன் எழுந்து சரக்கு எடுக்கப் போய், இரவு கடைசி வாடிக்கையாளர் போகும்வரை நிற்கிற மனிதர் உங்கள் கணவர். 'கடன் தரமாட்டான்' என்று அந்தப் பையன்கள் கேலி செய்தது கண்டிப்பான ஒரு கடைக்காரரைத் தெரிந்த உரிமையில். நீங்கள் வயிறெரிவதைக் கடையில் நின்று அவர் கேட்டால் என்ன நினைப்பார் என்று யோசித்தீர்களா? மகன் இன்ஜினீயர் ஆகட்டும், மகிழ்ச்சி. அதற்காகத் தகப்பன் தொழிலை வசைச்சொல்லாக்கி வீட்டில் புழங்கவிடாதீர்கள். விடுமுறையில் தினமும் சாயங்காலம் அவன் கடையில் உட்காரட்டும். அப்பாவுக்கு ஒத்தாசையாக இருப்பது பிள்ளையின் கடமை. தேர்வு முடிந்துவிட்டதால் சாக்குச் சொல்லவும் வழியில்லை.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இன்று இரவு, கணவரும் கூட இருக்கும்போது, மகனைக் கூப்பிட்டு அந்தத் தாளைக் கேளுங்கள். தாள் இல்லை என்றால் வீடியோவை மூன்று பேரும் சேர்ந்து பாருங்கள். இத்தனை நாளும் உங்கள் மகனின் வரிக்காகப் பார்த்த வீடியோவை, இந்த முறை அவள் எழுந்து போகிற இடத்துக்காகப் பாருங்கள். முடிந்ததும், குழுவில் அதைப் போட்டவரிடமும் குழுவின் அட்மினிடமும் சொல்லி, வழியிருந்தால் எல்லோருக்குமாக நீக்கச் செய்யுங்கள். உங்கள் மகனே கேட்கட்டும். அவரவர் போனில் சேமித்து வைத்ததையும் அழிக்கச் சொல்லி அவன் பெயரிலேயே ஒரு செய்தி போடட்டும்.

பிறகு அந்தப் பெண்ணைப் போய்ப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு மகனைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டு வாசலில் போய் நிற்காதீர்கள். மேடையில் என்ன நடந்தது என்று அவள் வீட்டுக்குத் தெரியாமல் இருந்தால், மன்னிப்பு என்ற பெயரில் நீங்களே போட்டு உடைத்துவிடுவீர்கள். வகுப்பு ஆசிரியை மூலமாகவோ அவளுடைய நெருங்கிய தோழி மூலமாகவோ முதலில் கேளுங்கள். பார்க்கச் சம்மதம் என்றால் நீங்கள் மட்டும் போங்கள். என் மகன் எழுதியது தவறு, நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன், அவனும் மன்னிப்புக் கேட்க விரும்புகிறான், உனக்கு எப்படி வசதி என்று அவளிடமே கேளுங்கள். பள்ளியில் ஆசிரியை முன்னால் வரட்டும் என்றால் அப்படியே. கடிதம் போதும் என்றால் அவன் தன் கையால் எழுதிக் கொடுக்கட்டும். பார்க்க வேண்டாம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள், இரண்டாம் முறை தொந்தரவு செய்யாதீர்கள். 'விளையாட்டுக்குத்தான் எழுதினேன்' என்ற வாக்கியம் அவன் வாயிலும் வரக் கூடாது, உங்கள் வாயிலும் வரக் கூடாது.

அங்கே அவள் படிப்பை நிறுத்தப் போகிறார்கள் என்று தெரிந்தால் ஆசிரியையிடம் சொல்லுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, உயர்கல்விக்கு வழி கேட்கலாம். பதினெட்டு வயது நிறையாத பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு என்றால் 1098க்கு உடனே பேசுங்கள். நமக்கென்ன வம்பு என்று ஒதுங்கும் உரிமை இந்த விஷயத்தில் உங்கள் குடும்பத்துக்கு இல்லை.

இதெல்லாம் முடிந்த பிறகு தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதுங்கள், நானே எழுதச் சொல்கிறேன். ஆசிரியர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் எழுந்து போனதைப் பார்த்த பிறகும் நிகழ்ச்சி நடந்திருக்கிறது. அடுத்த ஆண்டு மேடையேறும் ஒவ்வொரு வரியையும் ஓர் ஆசிரியர் முன்கூட்டியே படித்துப் பார்க்க வேண்டும், யாரைப் பற்றியதோ அந்தப் பிள்ளையிடம் காட்டிச் சம்மதம் வாங்க வேண்டும், செல்போனில் பிடித்து வெளியே அனுப்பக் கூடாது என்று கேளுங்கள். உங்கள் மகன் எழுதிய வரிகளால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறீர்கள் என்பதையும் அதில் மறைக்காமல் சொல்லுங்கள். கீழே நீங்களும் உங்கள் கணவரும் கையெழுத்துப் போடுங்கள். அந்த நண்பனின் பெயரை எழுத வேண்டிய அவசியம் இல்லை.