டைப் கிளாஸ் நேரமாச்சு

அன்புள்ள அக்கா,

டெக்சஸில், ஃபிரிஸ்கோவில் இருக்கிறேன். கோவையில் பி.டெக். பயோடெக்னாலஜி முடித்து 10 ஆண்டுகள் ஆகின்றன. கணவரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்4 விசாவில் வந்தவள், இரண்டு பிள்ளைகள். பிஏ, அதாவது மருத்துவரோடு இணைந்து நோயாளிகளைப் பார்க்கும் ஃபிசிஷியன் அசிஸ்டன்ட் படிப்புக்கு விண்ணப்பிக்க ஆசை. அதற்கு முன் அனாடமி, ஃபிசியாலஜி, மைக்ரோபயாலஜி எல்லாம் இங்குள்ள கல்லூரி ஒன்றில் படித்திருக்க வேண்டுமாம். நம் வேகத்திலேயே படித்துக்கொள்ளும் ஆன்லைன் பாடங்கள் இருக்கின்றன. எப்போது வேண்டுமானாலும் சேரலாம், 16 வாரம் அவகாசம். பிள்ளைகள் தூங்கியபின் படித்துக்கொள்வேன், வீட்டில் யாருக்கும் தொந்தரவு இருக்காது. ஆனால் ஆன்லைனில் படித்தவள் என்றால் தேர்வுக்குழு மட்டமாக நினைக்குமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

இதற்கு நீங்கள் சேர விரும்பும் கல்லூரிதான் பதில் சொல்ல வேண்டும். ஒரு கல்லூரி பாடத்தை ஆன்லைனில் ஏற்கும், ஆய்வகத்தை மட்டும் நேரில் கேட்கும். இன்னொன்று இரண்டையும் ஏற்கும். ஐந்தாண்டுக்கு முன் படித்தது செல்லாது என்பவர்களும் உண்டு, பத்தாண்டு வரை பொறுப்பவர்களும் உண்டு. ஒவ்வொருவருக்கும் மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள், வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். மட்டமாக நினைப்பார்களா என்ற கவலையை விடுங்கள். மார்க் குறைந்தால் நினைப்பார்கள், அவ்வளவுதான்.

என்னை உறுத்தியது வேறு வரி. “வீட்டில் யாருக்கும் தொந்தரவு இருக்காது.” ஏனம்மா இருக்கக் கூடாது? 206 எலும்புகளையும் அவற்றைப் பற்றியிருக்கும் தசைகளையும் மனப்பாடம் செய்யப் போகிறவள் வீட்டுக்குக் கொஞ்சம் தொந்தரவாகத்தான் இருப்பாள்.

என் சித்தி காரைக்குடியில் மருமகளாக இருந்தவள். மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் சித்தி அதில் பி.ஏ. வரலாறு சேர்ந்தாள். பாடப் புத்தகங்கள் தபாலில் வரும். பிரித்து வைப்பாள், அதற்குள் யாராவது கூப்பிடுவார்கள். “சும்மா உட்கார்ந்து படிச்சிட்டுத்தானே இருக்கே, உளுந்தை ஒரு கை அரைச்சுட்டு வந்துடேன்.” அவர்கள் கொடியவர்கள் அல்லர். அவள் வகுப்பில் இருக்கிறாள் என்று அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை. நேரம் இல்லாத வகுப்பை யார் நம்புவார்கள்?

அதே சித்தி தெருமுனை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர் சேர்ந்தாள். மாலை 5 முதல் 6 வரை. “டைப் கிளாஸ் நேரமாச்சு” என்று அவள் சொன்னதும் மாமியாரே கையிலிருந்த முறத்தை வாங்கி வைப்பார். பி.ஏ.வுக்குக் கிடைக்காத மரியாதை டைப்புக்குக் கிடைத்தது! சித்தி புத்திசாலி. லோயர் பாஸானதும் “ஹையர் படிக்கிறேன், இனி இரண்டு மணி நேரம்” என்று சொல்லிவிட்டு, இன்ஸ்டிட்யூட்டின் பின்னறையில் சோழர் வரலாற்றை விரித்து உட்கார்ந்தாள். மாஸ்டரின் மனைவி உடந்தை. பி.ஏ. பாஸாகிவிட்டாள். ஹையர் தேர்வு இன்றுவரை எழுதவில்லை.

ஒரு சித்தியை வைத்து உலகத்தை அளக்கிறேன் என்பீர்கள். சரி. தன் வேகத்தில் படிக்கும் முறையைக் கல்லூரிக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஃபிரெட் கெல்லர் என்ற அமெரிக்க உளவியலாளர். சகாக்களோடு சேர்ந்து அவர் வகுத்த முறை 1964இல் பிரேசிலியா பல்கலைக்கழகத்தில் நடத்திப் பார்க்கப்பட்டது. ‘குட்பை டீச்சர்’ என்று 1968இல் அவர் எழுதிய கட்டுரை பெரிதாகப் பேசப்பட்டது. பாடம் சிறுசிறு பகுதிகளாக இருக்கும், ஒன்றில் தேறினால்தான் அடுத்தது. ஒவ்வொரு தேர்விலும், அதே பாடத்தை முன்பே முடித்த மாணவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து திருத்துவார், எங்கே தடுக்கியது என்று பேசுவார். அப்படியும் பலர் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த முறையின் தீராத தலைவலி அதுதான். இன்று விற்கிற பாடங்கள் பலவற்றில் வேகம் உங்களுடையது, பக்கத்தில் உட்காரும் ஆளைத்தான் காணோம். தேர்வன்று கேமரா வந்து அறையைச் சுற்றிக் காட்டச் சொல்லும்.

விண்ணப்பத்துக்குப் பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். உங்கள் முகத்தையே பார்க்காத ஆசிரியர் என்னவென்று எழுதுவார்? நோயாளிகளோடு வேலை செய்த மணிக்கணக்கையும் பெரும்பாலான ஃபிசிஷியன் அசிஸ்டன்ட் கல்லூரிகள் கேட்கும். அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல் கூட இல்லை. ஹெச்4இல் படிக்கத் தடையில்லை. சம்பள வேலைக்கு, 2015 முதல் சிலருக்குக் கொடுத்துவரும் இஏடி என்ற வேலை அனுமதி அட்டை கையில் இருக்க வேண்டும். இதையெல்லாம் விட்டுவிட்டு மட்டமா உசத்தியா என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். கோபமாகத்தான் வருகிறது.

ஸ்டாட்டிஸ்டிக்ஸ், சைக்காலஜியை இரவில் ஆன்லைனிலேயே படியுங்கள், நான் குறுக்கே வரவில்லை. அனாடமிக்கு உங்கள் ஊரிலேயே காலின் காலேஜ் இருக்கிறது. ஆய்வகத்தோடு மாலை வகுப்பு உண்டா என்று போய்க் கேளுங்கள். இடம் கிடைக்காமல் ஆன்லைன்தான் என்று ஆனால், பணம் கட்டும் முன்பே வாரத்தில் இரண்டு மாலையும் சனிக்கிழமைக் காலையும் பொது நூலகத்தில் இருப்பேன் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். அனுமதி கேட்காதீர்கள், தகவல் சொல்லுங்கள். உங்கள் கணவர் ஐடியில் இருப்பார் என்று நினைக்கிறேன். இரவு பத்து மணிக்கு அவருக்குச் சென்னையோடு மீட்டிங் என்றால் வீடே குரலைத் தாழ்த்துகிறதா இல்லையா? மீட்டிங்குக்கு ஒரு நேரம் இருக்கிறது, அதனால்தான்.

முதல் வாரமே சின்னவனுக்கோ சின்னவளுக்கோ காய்ச்சல் வரும். மருந்து கொடுக்க அப்பா இருக்கிறார். நீங்கள் கிளம்புங்கள்.

அன்புடன்,
அக்கா