நெல், ராகி, கோதுமை: மரபணு வேறுபாடு பற்றிக் கேளுங்கள்

பெங்களூரில் ராகி ரகங்களை உருவாக்கும் வேலையில் இருக்கிறேன். தானியப் பயிர்களின் மரபணு பற்றி இங்குள்ள தமிழ் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். சாப்பாட்டு மருத்துவம் என் துறை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அல்சூரிலிருந்து: அக்கா, மயிலாடுதுறைப் பக்கம் எங்கள் நிலத்தில் சி.ஆர்.1009 போடுகிறோம். அதில் 'சப்1' ரகம் மூழ்கினாலும் பிழைக்கும் என்கிறார்கள். அப்படி என்ன மாற்றினார்கள்?

பதில்: ரொம்ப நல்ல கேள்வி. சாதாரண நெல் முழுக்க மூழ்கினால், எப்படியாவது மேலே வந்துவிட வேண்டும் என்று கிடுகிடுவென நீளும். சேர்த்து வைத்த மாவுச்சத்தெல்லாம் அதிலேயே தீர்ந்துவிடும். தண்ணீர் வடிந்ததும் துவண்டு சாய்ந்துவிடும். சப்1ஏ மரபணு உள்ள பயிரோ நீளாமல் அப்படியே அடங்கி இருக்கும். தண்ணீர் வடிந்ததும் மிச்சம் இருக்கும் சத்தை வைத்து மறுபடி துளிர்க்கும். இரண்டு வாரம் வரை தாங்கும். மாதக்கணக்கில் தேங்கும் தண்ணீருக்கு இது தீர்வு இல்லை.

இது ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ என்ற நெல்லிலிருந்து வந்தது. 2006இல் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். பிறகு ஒட்டுக்கட்டி, அதாவது ஒரு ரகத்தின் மகரந்தத்தை இன்னொன்றின் பூவில் சேர்த்து, திரும்பத் திரும்ப 1009 ரகத்தோடு கலந்து, அந்த ஒரு துண்டு மட்டும் தங்கும்படி தேர்ந்தெடுத்தார்கள். அதனால் மற்ற குணங்களில் அது உங்கள் பழைய 1009தான்.

இதில் என்னை இன்றும் உலுக்குவது வேறு விஷயம். 2005இல் மரபணுத்தொகுதியை, அதாவது மொத்த மரபணுத் தகவலையும், முழுதாகப் படித்து முடித்த நெல் ஜப்பானின் நிப்பான்பாரே. அதில் சப்1ஏ கிடையவே கிடையாது. அதை மட்டும் புரட்டியிருந்தால் இப்படி ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது. மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்த மண்ணில் வேரை வளர்க்கும் பிஸ்டால்1 மரபணுவும் அப்படித்தான். கசலத் என்ற நெல்லில் உண்டு, நிப்பான்பாரேயில் இல்லை. 2018இல் 89 நாடுகளின் 3,010 நெல் வகைகளை ஒப்பிட்டபோது டி.என்.ஏ.வில் ஒற்றை எழுத்து வேறுபாடுகளே சுமார் 2.9 கோடி தேறின. ஒரு ரகத்தைப் படித்துவிட்டுப் பயிரையே படித்துவிட்டதாக நினைக்காதீர்கள். இதை இன்னும் பல தடவை சொல்வேன்.

மாரத்தஹள்ளியிலிருந்து: ராகி சாப்பிட்டால் சர்க்கரை குறையுமா மேடம்?

பதில்: உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து: ஐ.ஆர். அரிசி எல்லாம் மரபணு மாற்றியதுதானே?

பதில்: இல்லை. அவை பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒட்டுக்கட்டி உருவாக்கியவை. வேற்றுயிரின் மரபணுவைப் புகுத்திய நெல் எதுவும் இந்தியாவில் சாகுபடிக்கு அனுமதிக்கப்படவில்லை.

ஜாலஹள்ளியிலிருந்து: மாப்பிள்ளைச் சம்பா ஆதியிலிருந்து மாறாத தூய நெல். ஐ.ஆர். வகைகள் முழுக்க அந்நியச் சரக்கு. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

பதில்: ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் இரண்டுமே அப்படி இல்லை. காட்டு நெல்லின் அரிசி சிவப்பு. ஆர்.சி. என்ற மரபணுவில் 14 எழுத்துகள் விடுபட்டதால்தான் பெரும்பாலான வெள்ளை அரிசி வந்தது. சிவப்பைப் பொறுத்தவரை மாப்பிள்ளைச் சம்பா பழசைக் காப்பாற்றியது நிஜம். ஆனால் காட்டு நெல் மணி முற்றியதும் உதிரும். மாப்பிள்ளைச் சம்பா உதிராமல் அறுவடைக்குக் காத்திருக்கிறது. அது நம் முன்னோர் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்த மாற்றம்.

ஐ.ஆர். வகைகளும் முழுக்க அந்நியம் இல்லை. ஐ.ஆர்.20இன் பெற்றோரில் ஒன்று டி.கே.எம்.6. திருவள்ளூர் மாவட்டத்துத் திரூர்குப்பம் ஆராய்ச்சி நிலையத்து நெல். தண்டுத்துளைப்பான் பூச்சியைத் தாங்கும் குணத்துக்காக அதைச் சேர்த்தார்கள். டி.கே.எம்.6இன் பெற்றோரில் ஒன்று கோயம்புத்தூரின் ஜி.இ.பி.24, நம் கிச்சிலிச் சம்பா.

கே.ஆர்.புரத்திலிருந்து: ஐ.ஆர்.64 மரபணு மாற்றியதா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

மீண்டும் ஜாலஹள்ளியிலிருந்து: அப்படியானால் வீரிய ரகங்களால் நாட்டு நெல் அழிந்தது பொய்யா?

பதில்: பொய் இல்லை. எனக்கும் அதுதான் வருத்தம். எஃப்.ஆர்.13ஏ மாதிரி ஒரு நெல்லை யாரும் எடுத்து வைக்காமல் போயிருந்தால் சப்1ஏவும் போயிருக்கும். தூய்மை, அந்நியம் என்று பேசினால் வேலை நடக்காது. விதை இருக்க வேண்டும். விதைத் திருவிழாவில் ஒரு கைப்பிடி வாங்கினாலும் ரகத்தின் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் பையிலேயே எழுதுங்கள். ஒரே பெயரில் ஊருக்கு ஊர் வேறு நெல் இருக்கிறது. ஊர் தெரியாத விதையை வைத்து என்னால் எதையும் சொல்ல முடியாது.

மல்லேஸ்வரத்திலிருந்து: கோதுமை மரபணுத்தொகுதி ஏன் அவ்வளவு பெரிது?

பதில்: மூன்று புல்லினங்களின் தொகுதிகள் ஒன்றுசேர்ந்தது ரொட்டிக் கோதுமை. நெல்லுக்குச் சுமார் 40 கோடி எழுத்துகள். கோதுமைக்கு ஏறக்குறைய 1,600 கோடி. பெரும்பகுதி திரும்பத் திரும்ப வரும் துண்டுகள்.

ஹெப்பாளிலிருந்து: அக்கா, நான் வேளாண் மாணவன். ராகியில் ஒட்டுக்கட்டுவது கஷ்டம் என்கிறார்களே?

பதில்: கஷ்டம்தான் தம்பி. பூ பொடிப்பொடியாக இருக்கும். திறப்பதற்குள்ளேயே தன்னைத்தானே மகரந்தச் சேர்க்கை செய்துகொள்ளும். அதனால் இரண்டு ரகங்களின் கதிரைச் சேர்த்துக் கட்டிவைப்பது ஒரு வழி. தாய் பச்சைக் கணு, தந்தை ஊதாக் கணு. அடுத்த பருவத்தில் தாயின் விதையை நாற்றுவிட்டு, கணுவில் ஊதா தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். தெரிந்தால் அது ஒட்டு. மண்டியாவில் ராகி ஆராய்ச்சியாளர் லட்சுமணையா இந்திய ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் சேர்த்து இண்டாஃப் ரகங்களை உருவாக்கினார். ராகி ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பயிர். பிறந்த இடத்தில் இருந்த வேறுபாடு இங்கே விளைச்சலாக மாறியது. 2017இல் பெங்களூரிலேயே எம்.எல்.365 என்ற ராகி ரகத்தின் மரபணுத்தொகுதியை வெளியிட்டார்கள். அதுவும் ஒரே ஒரு ரகம்தான், மறக்காதே.

எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து: சர்க்கரைக்கு ராகியா, கம்பா?

பதில்: மருத்துவர்.

ஒசூர் ரோட்டிலிருந்து: மாடியில் விதைக்க ராகி விதை எங்கே கிடைக்கும்?

பதில்: வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்து விதை விற்பனைப் பிரிவில் ஜி.பி.யு.28 ரகம் கேளுங்கள். குலை நோயைத் தாங்கும். பையில் பெயரும் ஆண்டும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.