தட்டைத் தனியாக வைத்துவிட்டார்கள், குழந்தைக்கும் வருமா?

கேள்வி: எனக்கு 27 வயது. முதல் கர்ப்பம், ஐந்து மாதம் ஆகிறது. ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. மஞ்சள் காமாலை எனக்கு வந்ததே இல்லை. கணவருக்கு நெகட்டிவ். ‘உனக்கு மட்டும் எப்படி வந்தது?’ என்று வீட்டில் ஒருமாதிரி கேட்கிறார்கள். மாமியார் என் தட்டு, டம்ளரைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். குழந்தைக்கும் வந்துவிடுமா? தாய்ப்பால் கொடுக்கலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: முதல் வேலையாக, தட்டையும் டம்ளரையும் பழைய இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். உங்கள் மாமியார் மேல் தப்பில்லை. காமாலை என்றாலே தண்ணீரிலும் சாப்பாட்டிலும் பரவும் என்று கேட்டு வளர்ந்தவராக இருப்பார். அப்படிப் பரவுவது ஏ, ஈ வகை வைரஸ்கள். பி வேறு. அது ரத்தத்திலும் உடல் திரவங்களிலும் இருக்கிறது. ஒருவருடைய ரத்தம் இன்னொருவர் உடலுக்குள் போகும்போதும், உடலுறவிலும், பிரசவத்திலும் தொற்றுகிறது. ஒரே தட்டில் சாப்பிடுவது, கட்டிப்பிடிப்பது, இருமல், கொசுக்கடி எதிலும் வராது. தனியாக வைக்க வேண்டியவை ரேசர், பிளேடு, டூத் பிரஷ், நகவெட்டி. கண்ணுக்கே தெரியாத காய்ந்த ரத்தத்திலும் இந்த வைரஸ் ஏழு நாள் வரைகூட உயிரோடு இருக்கும்.

‘எப்படி வந்தது’ என்ற கேள்விக்கு வருவோம். அது கேட்கப்படும் தொனியே எனக்குப் பிடிப்பதில்லை. வயதுவந்த பிறகு இந்தத் தொற்று வந்தால், 100 பேரில் 95 பேருக்கு மேல் சில மாதங்களில் உடலே வைரஸை விரட்டிவிடும். பிறந்த சமயத்தில் தொற்றினால் கதை தலைகீழ்: 100 குழந்தைகளில் சுமார் 90 பேருக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடும், பல வருடங்கள் எந்த அறிகுறியும் இல்லாமல். காமாலையே வராமல் கர்ப்பப் பரிசோதனையில் பாசிட்டிவ் என்று தெரிய வரும் பெண்களில் பெரும்பாலோருக்குப் பிறந்தபோதோ சின்ன வயதிலோ தொற்றியிருக்கும். நீங்கள் பிறந்தபோது அரசின் தடுப்பூசி அட்டவணையில் இதற்கு ஊசி இல்லை. 2002-ல் சில இடங்களில் ஆரம்பித்து, நாடு முழுக்க வந்தது 2011-ல்தான். ஆகவே உங்கள் அம்மாவுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் ஒருமுறை பரிசோதனை செய்யுங்கள். அங்கே பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம். சின்ன வயதில் போட்ட சுத்தமில்லாத ஊசி, காது குத்தல், பச்சை குத்தல் என்று வேறு வழிகளும் உண்டு. எதுவாக இருந்தாலும் உங்கள் நடத்தைக்கான சான்றிதழ் அந்த ரிப்போர்ட்டில் இல்லை.

சரி, குழந்தை. எதுவுமே செய்யாமல் விட்டால் ஆபத்து பெரிது. ‘ஈ ஆன்டிஜன்’ என்ற பரிசோதனையும் (இது ஈ வகை வைரஸ் அல்ல; பி வைரஸ் உடலில் வேகமாகப் பெருகுகிறதா என்று காட்டுவது) பாசிட்டிவாக உள்ள தாய்மார்களின் குழந்தைகளில் 100-க்கு 70 முதல் 90 பேருக்குத் தொற்றிவிடும். ஆனால் கருப்பைக்குள்ளேயே தொற்றுவது குறைவு; பெரும்பாலும் பிரசவ நேரத்தில், தாயின் ரத்தமும் திரவங்களும் குழந்தைமேல் படும்போதுதான். இது நமக்குச் சாதகம். வைரஸ் குழந்தையின் கல்லீரலில் காலூன்றச் சிறிது நேரம் பிடிக்கும். அதற்குள் நாம் முந்திக்கொள்ளலாம்.

முந்துவதற்கு இரண்டு ஊசிகள். ஒன்று, எல்லாக் குழந்தைகளுக்கும் போடும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டியது, உங்கள் குழந்தைக்கு முடிந்தவரை உடனே. இன்னொன்று, தயார் நிலையில் உள்ள எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலின். இதை 12 மணி நேரத்துக்குள், மற்றத் தொடையில் போட வேண்டும். இரண்டும் போட்டு, 6, 10, 14-வது வாரங்களில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் சேர்ந்த பென்டாவேலன்ட் ஊசிகளையும் விடாமல் போட்டால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு மேல் தப்பித்துவிடும்.

சிக்கல் எங்கே வரும் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை நடுராத்திரி பிரசவம் ஆகும், பிரிட்ஜில் இம்யூனோகுளோபுலின் இருக்காது, ‘காலையில் வாங்கிக்கொள்ளலாம்’ என்பார்கள். மருந்துக்கடை திறப்பதற்குள் 12 மணி நேரம் ஓடிவிடும். எட்டாம் மாதமே நேரில் கேளுங்கள்: ‘இம்யூனோகுளோபுலின் இருப்பு இருக்கிறதா? இல்லையென்றால் யார், எங்கே வாங்கி வர வேண்டும்?’ 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இது இலவசம். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ விசாரியுங்கள். கர்ப்பகால அட்டையின் மேலேயே ‘ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ்’ என்று பெரிதாக எழுதி வைக்கச் சொல்லுங்கள்; பிரசவ அறையில் டியூட்டி மாறும்போது வாய்வார்த்தை தொலைந்துபோகும்.

இப்போதே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஈ ஆன்டிஜன், வைரஸ் அளவு, கல்லீரல் என்சைம்கள் இவற்றைப் பாருங்கள். வைரஸ் அளவு ஒரு மில்லி லிட்டருக்கு 2 லட்சம் யூனிட்டுக்கு மேல் இருந்தால், ஊசிகள் மட்டும் போட்டும் சில குழந்தைகளுக்குத் தொற்றிவிடுகிறது. அப்போது 28-வது வாரத்திலிருந்து, வைரஸ் அளவைக் குறைக்கும் டெனோஃபோவிர் மாத்திரை தினமும் ஒன்று தருவோம். கர்ப்பிணிகளிடம் பல வருடங்களாகப் பயன்பாட்டில் உள்ள மருந்துதான், பயம் வேண்டாம். இந்த நோய்க்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை.

தாய்ப்பால் தாராளமாகக் கொடுங்கள், டெனோஃபோவிர் சாப்பிடும்போதும். மார்புக்காம்பு வெடித்து ரத்தம் கசிந்தால் மட்டும், ஆறும்வரை அந்தப் பக்கம் நிறுத்தி மறுபக்கம் கொடுக்கலாம்.

கணவருக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று ஊசிகள். அது முடியும்வரை ஆணுறை. குழந்தையை ஒன்பது மாதம் முடிந்த பிறகு பரிசோதியுங்கள். அதற்கு முன் பார்த்தால் முடிவு குழப்பும்.

அப்புறம் உங்களைப் பற்றி. பிரசவத்துக்குப் பிறகு எல்லோரும் குழந்தையைக் கவனிப்பார்கள், உங்கள் ரிப்போர்ட் பீரோவுக்குள் போய்விடும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்திய சில வாரங்களில் கல்லீரல் அழற்சி திடீரென்று ஏறலாம். கீழாநெல்லி பற்றி யாராவது சொல்வார்கள். 1988-ல் வெளியான சென்னை ஆய்வு ஒன்று நம்பிக்கை தந்தது உண்மை. பிறகு வேறிடங்களில் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதை நம்பி மருந்தை விட வேண்டாம். பிரசவத்துக்குப் பின் முதல் ஆறு மாதங்களில் என்சைம் பரிசோதனையை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் செய்து, அதன்பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் மருத்துவரைப் பாருங்கள்.