டெல்லிக் குளிரில் மாவு பொங்க குக்கரே போதும்

டெல்லி துவாரகாவுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறீர்கள், இட்லி மாவு ஒன்றரை நாளாகியும் பொங்கவில்லை, வீட்டில் ஓவனும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். மாவில் குறை இருக்காது. நன்றாகப் புளிக்க 30 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். இங்கே ஜனவரி இரவுகளில் வெளியே பெரும்பாலும் 10 டிகிரிக்கும் கீழே போய்விடுகிறது.

பெரிய குக்கர் இருக்கிறதல்லவா? அதில் இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டு, விரல் பொறுக்கும் சூடு வந்ததும் அடுப்பை அணையுங்கள். உள்ளே ஒரு ஸ்டாண்ட், அதன்மேல் மாவுப் பாத்திரம். பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு வேண்டாம், பொங்க இடம் தேவை. வெயிட் போடாமல் மூடி, பழைய ரஜாயில் (பஞ்சு வைத்த கனமான போர்வை) சுற்றி வையுங்கள். படுக்கும் முன் தண்ணீரை மறுபடி ஒருமுறை சூடாக்குங்கள். கொதிநீர் மட்டும் கூடாது, அடிமாவு வெந்துவிடும்.

தெர்மாகோல் பெட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு வெந்நீர் பாட்டில் போதும். ரூம் ஹீட்டர் முன்னால் வைக்காதீர்கள். என் முதல் குளிர்காலத்தில் அப்படி வைத்து, மேலே ஏடு காய்ந்தது, நடுவில் மாவு அசையவே இல்லை.

அப்புறம், குழாய்த் தண்ணீர் ஐஸாக இருக்கும். வெதுவெதுப்பான நீர் விட்டு அரையுங்கள்.