சர்வேயில் ‘புகை பிடிப்பீர்களா?’ என்று கேட்டால் உண்மையான பதில் வருமா?

கேள்வியை எப்படிக் கேட்கிறார்கள், கேட்கும்போது பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

கல்லூரி முடித்த புதிதில் ஒரு சுகாதார சர்வேக்காகச் சில மாதம் வீடு வீடாகப் போயிருக்கிறேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் இதைக் கேட்டேன். “அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது தம்பி” என்றார். சட்டைப் பையில் பீடிக்கட்டு துருத்திக்கொண்டிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் புகை என்றால் சிகரெட். “பீடி, சுருட்டு ஏதாவது உண்டாய்யா?” என்றதும், “ஒரு நாளைக்கு ஒரு கட்டு ஆகும்” என்று தயங்காமல் சொன்னார்.

இன்னொரு வீட்டில் இருபது வயதுப் பையன், பக்கத்து நாற்காலியில் அவன் அப்பா. அவன் சொன்ன “இல்லை”யை அப்படியே எழுதிக்கொண்டேன். வேறென்ன செய்ய? சாயங்காலம் பெட்டிக்கடையில் பார்த்தபோது இரண்டு பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

இதைச் சரிபார்க்க ரத்தத்திலோ சிறுநீரிலோ எச்சிலிலோ கொட்டினின் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். நிகோடினை உடம்பு சிதைக்கும்போது உண்டாகும் பொருள் இது. நிகோடின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். கொட்டினின் பாதியாகக் குறையவே 16 மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். நேற்று பிடித்ததும் இன்று தெரிந்துவிடும்.

தென்கொரியாவில் 2008 தேசிய சுகாதார சர்வேயில் இப்படிச் சோதித்தார்கள். ஆண்களில் 44.7 சதவீதம் பேர் பிடிப்பதாகச் சொன்னார்கள், சோதனையில் 50 சதவீதம் வந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. பெண்களில் ஒப்புக்கொண்டவர்கள் 5.9 சதவீதம், சோதனையில் 13.9! பெண் சிகரெட் பிடித்தால் அங்கே ஊர் பேசும் பேச்சு அப்படி. சர்வேக்காரரிடம் மட்டும் மனம் திறப்பார்களா?

ஆனால் கொட்டினினும் முழுத் தீர்ப்பு சொல்லாது. வெற்றிலையோடு புகையிலை போடும் பாட்டிக்கும் அது ஏறித்தான் இருக்கும். இந்தியாவில் 2016-17 கணக்கெடுப்புப்படி புகைப்பவர்கள் 10.7 சதவீதம், மெல்லுவது போன்ற புகையில்லாப் புகையிலைக்காரர்கள் 21.4 சதவீதம். மெல்லுகிறாரா என்று கேட்காமல் வெறும் சோதனையை மட்டும் வைத்துக்கொண்டு நம்மூரில் ஒன்றும் சொல்ல முடியாது.

அப்புறம், எண்ணிக்கை. ஒரு நாளைக்கு எத்தனை என்றால் ஐந்து, பத்து, இருபது என்றுதான் பதில் வரும். என் படிவங்களில் ஒரே ஒரு ‘ஏழு’ இருந்தது. அதுவும் அவர் சொன்னதில்லை, உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தது.